பிளேன்டீ அண்ணை குடித்த ஒரேயொரு பால் தேத்தண்ணி

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை அளக்க எத்தனையோ கொடி கட்டிய கப்பல்கள் வந்து போயிருக்கின்றன. அளந்து என்னத்தைக் கண்டார்களோ தெரியாது. ஆனால் ஒரு காரின் வயிற்றுக்குள் என்ன வருத்தம் என்பதை, ஒயில் பார்க்கிற கம்பியை ஒருதரம் இழுத்து, தன் வெள்ளைப் பெனியனில் ஒரு கோடு கீறிப் பார்த்துவிட்டுச் சொல்லக்கூடிய மனிதர் இந்தத் துறைமுகம் முழுக்க ஒருவர்தான். துறைமுகம் முழுக்க என்று அடக்கமாகச் சொல்கிறேன். இலங்கை முழுக்க என்று சொன்னாலும் என்னோடு சண்டைக்கு வர ஆளில்லை.

அவருக்குப் பெயர் பிளேன்டீ. தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும். துறைமுகத்துக்குத் திரும்புகிற சந்தியில் ஒரு வேப்பமரம், அதன் கீழே ஒரு தகரக் கொட்டகை, அதுதான் கராஜ். மற்ற ஊரில் மாடு திரிகிற மாதிரி எங்கள் ஊரில் மான் திரியும். அந்த மான்கள் அவருடைய கராஜுக்குள் வந்து அட்டைப் பெட்டி தின்னும். விரட்ட மாட்டார். "வாயில்லாச் சீவன். கார் ஒண்டும் வைச்சிருக்கேல்ல. அதால நிம்மதியாத் திரியுது, திரியட்டும்" என்பார்.

பெயருக்குக் காரணம் இதுதான். எஞ்சின் ஒயிலுக்குள் தண்ணீர் சேர்ந்தால் ஒயில் கலங்கி, அசல் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். வாகனம் வைத்திருப்பவனுக்கு அதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது. நாற்பது வருடமாக அந்த நிறத்தையே பார்த்துப் பார்த்து, அண்ணைக்குப் பால் தேத்தண்ணியைக் கண்டாலே யாரோ ஒருவருடைய எஞ்சின் செத்துப்போன துக்கம் வந்துவிடும். பால் இல்லாத வெறும் சாயத் தேத்தண்ணி, அதாவது பிளேன்டீ, மட்டுந்தான் குடிப்பார். ஒரு கலியாண வீட்டில் பெண்ணின் சின்னம்மா தட்டில் பால் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்ட, இவர் கோப்பையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, "பிள்ளை, இது சரிவராது. ஊத்திப்போட்டுக் கழுவிப் புதுசு விடுங்கோ" என்றார். அந்தச் சின்னம்மா இரண்டு வருடம் அவரோடு கதைக்கவில்லை.

ஒயிலில் பால் கண்டவுடன் எஞ்சினைப் பிரித்துப் போடுகிற அவசரக்காரர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலில் விசாரணை. கார் எங்கே போகிறது, எவ்வளவு தூரம், யார் கழுவுகிறது, எதால் கழுவுகிறது என்று பொலிஸ்காரர் தோற்கும்படி கேட்பார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் ஒருமுறை அழாத குறையாக வந்தார். ஒயில் ஊற்றுகிற மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி நுரை. அண்ணை கம்பியை இழுத்துப் பார்த்தார். கம்பியில் இருந்த ஒயில் சுத்தம்.

"சேர், கார் எங்க போறது?"

"வீட்டில இருந்து கோயிலுக்கு. கோயில்ல இருந்து சந்தைக்கு. சந்தையில இருந்து வீட்டுக்கு."

"எத்தினை வருசமா?"

"வாங்கின நாளில இருந்து."

"எஞ்சின் சூடாக முன்னம் நிப்பாட்டினா உள்ளுக்க வேர்த்த தண்ணி எப்பிடிப் போறது? கார் நல்லா இருக்கு சேர். போக்குவரத்துத்தான் காணாது. கிழமைக்கு ஒருக்கா அம்மாவையும் ஏத்திக்கொண்டு புல்மோட்டை வரைக்கும் போயிட்டு வாங்கோ. சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ, அது உங்கட விருப்பம்."

இரண்டு பயணத்தில் நுரை போய்விட்டது. அதிபரின் மனைவி கலியாணம் கட்டி முதல்முறையாக ஊர் பார்த்தார். இப்போதும் பிளேன்டீ அண்ணை தெருவில் போனால் அந்த அம்மா வாசலுக்கு வந்து கும்பிடுகிறார்.

சல்லிக் கடற்கரையிலிருந்து வந்த இன்னொருவரின் காரில், கம்பியிலும் பால், மூடியிலும் பால். அண்ணை காரின் கீழே படுத்து அடி நட்டை மெல்ல இளக்கினார். தண்ணீர் ஒயிலைவிடப் பாரம், அதனால் அடியில் போய்க் கிடக்கும், முதலில் வருவது அதுதான். வந்த சொட்டை விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்தார். (வாசகர்கள் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ரேடியேற்றருக்கு விடுகிற பச்சை நிறக் கலவைத் தண்ணீர் நஞ்சு. அவருடைய நாக்கு வேறு, நம்முடைய நாக்கு வேறு.)

"கார் கடலுக்க இறங்கியிருக்கு."

"இல்லை அண்ணை, சத்தியமா இல்லை."

"அப்ப கடல் வந்து காருக்க ஏறினதோ?"

அந்த ஆள் தலையைச் சொறிந்தார். காரில் கயிறு கட்டி வள்ளத்தை மணலில் இழுப்பதற்காக, பின்பக்கமாக இறக்கி இறக்கி அலைக்குள்ளேயே போய்விட்டாராம்.

அண்ணையிடம் இருந்த பெரிய கருவி ஒரு ரொட்டிக்கல். காய்ந்த கல்லில் சந்தேகமான ஒயிலை ஒரு சொட்டு விடுவார். தண்ணீர் கலந்திருந்தால் படபடவென்று வெடிக்கும், சுத்தமான ஒயில் சத்தம் போடாமல் புகையும். முதலில் வீட்டுக் குசினியில் இருந்த கல்லில்தான் இந்தப் பரிசோதனை நடந்தது. ஒருநாள் ரொட்டியில் எஞ்சின் ஒயில் வாடை வந்ததைத் தொடர்ந்து, அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, அந்தக் கல்லையும் அவரையும் ஒன்றாக வெளியே விட்டார். அன்றிலிருந்து கல் கராஜில் குடியிருக்கிறது. அவர் மட்டும் மன்னிப்புக் கேட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

இப்போது எல்லாரும் வாட்ஸப்பில் ஒயிலைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அவர் பார்க்கவே மாட்டார். "படத்தில மணக்குமோ? கலியாணத்துக்குப் பொம்பிளை பார்க்கிற மாதிரி எல்லே அனுப்புறியள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

இனி அவருடைய சபதத்தைச் சொல்லவேண்டும். கராஜுக்கு எதிரே மூதூர் நானாவின் தேத்தண்ணிக் கடை. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். நானாவின் பால் தேத்தண்ணிக்குக் கிண்ணியாவிலிருந்தும் ஆள் வரும். எதிர்க் கொட்டகையில் இருக்கிற மனிதர் மட்டும் ஒரு மிடறு குடித்ததில்லை என்பது நானாவுக்கு ஆறாத புண்.

"ஒருக்காக் குடிச்சிப் பாருங்களன். மௌத்தாகிப் போக மாட்டீங்க" என்றார் ஒருநாள்.

"நானா, ஒரு வாக்குத் தாறன். பால் ஒயில் விசயத்தில நான் எண்டைக்குப் பிழை விடுறனோ, அண்டைக்கு உங்கட கடையில, எல்லாருக்கும் முன்னால, பால் தேத்தண்ணி குடிப்பன்."

நானா அன்றே ஒரு புதுக் கிளாஸைக் கழுவி மேல் தட்டில் கவிழ்த்து வைத்தார். அது வருடக்கணக்காகக் கவிழ்ந்தே கிடந்தது. வெளியூர் ஆட்களுக்கு நாங்கள் அந்தக் கிளாஸைக் காட்டிப் பெருமையடிப்போம். எங்கள் சந்திக்கு அதுதான் கோபுரம்.

இன்னொரு விசயம், பின்னால் தேவைப்படும். பால் சேராத தேத்தண்ணியில் தண்ணீர் ஒளிய முடியாது. அதனால் ஒரு மிடறில் அது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் முதன்முதல் குடித்தபோது, "கிளாக்கர், உங்கட கிணத்தில உவரும் இரும்பும் சேர்ந்து கிடக்கு. கடைசியில நாக்கில ஒரு கசப்பு நிக்கும். இந்தத் தண்ணி வேற ஒரு இடத்திலயும் இல்லை" என்றார். துறைமுகக் களஞ்சியத்தில் கணக்கெழுதுகிற என்னை எல்லாரும் கிளாக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். என் மனைவி முதலில் கோபித்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்களோடு இருப்பவர் என் மாமா, மனைவியின் தகப்பன். துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சினை முப்பது வருடம் பார்த்தவர். அவருடைய கையில் ஒரு எஞ்சின் நின்றதில்லை என்பது அவர் தினமும் சொல்கிற வேதம். எங்கள் கார் என் பெயரில் இருந்தாலும் ஆள் அவர்தான். விடிய எழும்பி, திருநீறு பூசி, பொனட்டைத் திறந்து, தடவி, பார்த்து, ரேடியேற்றருக்குத் தண்ணீர் குறைந்திருந்தால் ஒரு கோப்பை விட்டு, டப்பென்று மூடுவார். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் எழும்புவது. போன வருடம் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் பிந்திய மொடல் ஒன்று எடுத்தோம். பொனட் சத்தம் மட்டும் மாறவில்லை.

எடுத்து ஒரு மாதம் ஆகவில்லை, ஒருநாள் கம்பியை இழுத்துப் பார்த்தேன். நுனி வரைக்கும் நானா கடைத் தேத்தண்ணி. பயத்தில், கொம்பியூட்டர் வைத்துப் பார்க்கிற புதுக் கராஜ் தம்பியைக் கூப்பிட்டேன். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் சொன்னான்.

"ஹெட் கஸ்கெட் போயிட்டுது அண்ணா. எஞ்சினின்ர தலையைக் கழட்ட வேணும்."

எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் தண்ணீரையும் ஒயிலையும் பிரித்து வைத்திருக்கிற தகடுதான் இந்தக் கஸ்கெட். எனக்கு அது செலவு. மாமாவுக்கு அது சாவீடு. "நான் பார்க்கப் பார்க்க ஒரு எஞ்சின் போயிட்டுதே" என்றவர் அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாள் விடிய பொனட் சத்தமும் இல்லை. படுக்கையிலேயே கிடந்தார்.

சேதி சந்திக்குப் போனது. பிளேன்டீ அண்ணை ஆள் அனுப்பினார்: "கழட்டக் குடுத்திடாதேங்கோ. முதல்ல எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ." காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனோம். மாமாவும் வந்தார், கராஜில் ஒரு கதிரையில் உட்கார்ந்தார். கொம்பியூட்டர் தம்பியும் வந்தான். சந்தியில் வேலையில்லாத எல்லாரும் வந்தார்கள், அதாவது சந்தி முழுக்க வந்தது. நானா தன் கடை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

அண்ணை கம்பியை இழுத்துப் பெனியனில் ஒரு கோடு கீறினார். முகர்ந்தார். ரொட்டிக்கல்லில் ஒரு சொட்டு விட, தீபாவளி மாதிரி வெடித்தது. ரேடியேற்றரைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, கஸ்கெட் போயிருந்தா இதில தண்ணி குறையவேணும். பச்சைத் தண்ணி ஒரு சொட்டும் குறையேல்ல. ஆனா ஒயில் கம்பியில அளவுக்கு மேல நிக்குது. அப்ப தண்ணி உள்ளுக்க இருந்து வரேல்ல, வெளியில இருந்து வந்திருக்கு. உங்கட கொம்பியூட்டருக்கு நாக்கு இருக்கோ?"

சனம் கைதட்டியது. எனக்கு நானே எஞ்சினைச் செய்தவன் மாதிரிப் பெருமை. "இண்டைக்கும் கிளாஸ் கவிண்டுதான் கிடக்கும் நானா!" என்று யாரோ கத்தினார்கள்.

அண்ணை காரின் கீழே போய் அடி நட்டை இளக்கி, முதலில் வந்த தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஏந்திக்கொண்டு வந்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு இன்னொருதரம் வைத்தார். அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் குறைந்தது. என்னைப் பார்த்தார்.

அந்த நேரம் நானா மாமாவுக்கு ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்து வாங்குப் பலகையில் வைத்தார். மாமா கையை நீட்டினார். கை கிளாஸுக்கு ஒரு சாண் தள்ளி வெறும் பலகையைத் தடவியது. நானா எடுத்துக் கையில் கொடுத்தார். அதை அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, ரேடியேற்றருக்கு ஆர் தண்ணி விடுறது?" மெல்லக் கேட்டார்.

"வேற ஆர்? நான்தான். முந்தா நாளும் குறைவாத்தான் கிடந்தது, ஒரு கோப்பை விட்டனான். ஒரு நாளும் தவறினதில்லை. பிறகும் இப்பிடி ஆயிட்டுதே தம்பி. என்ர பராமரிப்பில ஏதும் பிழையோ?"

அண்ணை குவளையில் இருந்த தண்ணீரை மணலில் ஊற்றினார். கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார்.

"கஸ்கெட்தான் ஐயா. தம்பி சொன்னது சரி, நான்தான் பிழை விட்டிட்டன். அது தன்ர காலம் முடிஞ்சு போனது. உங்கட பராமரிப்பில ஒரு குறையும் இல்லை."

இப்போதுதானே கஸ்கெட் இல்லை என்று மேடைப் பேச்சுப் பேசினார்? ஆனால் மாமாவின் முதுகு நிமிர்ந்தது. "அப்ப என்ர கையில பிழை இல்லை" என்று சொல்லி, தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார். இரண்டு நாளில் அவர் வாயில் வைத்த முதல் பொருள் அதுதான்.

வாக்கு வாக்குத்தானே. அண்ணை தெருவைக் கடந்து நானா கடைக்குப் போனார். நானா மேல் தட்டிலிருந்து கிளாஸை எடுத்தார். இத்தனை வருடம் காத்திருந்த மனிதர், பாலை ஊற்றும்போது கலியாண முகத்தோடு இல்லை. அண்ணை விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளை மாதிரிக் கண்ணை மூடி, ஒரே மூச்சில் குடித்து, கிளாஸை வைத்தார். கொம்பியூட்டர் தம்பி அதை வீடியோ எடுத்தான். பின்னேரத்துக்குள் திருகோணமலை முழுக்கப் பார்த்துவிட்டது.

"எப்பிடி இருந்திச்சி?" என்று கேட்டார் நானா.

"நல்லாத்தான் இருக்கு நானா. ஆனா எனக்கு வேண்டாம்."

எனக்கு அவர்மேல் கோபம். எங்கள் கோபுரத்தை அவரே இடித்துவிட்டார் என்ற கோபம். மூன்றாம் நாள் காரை எடுக்கப் போனேன். எஞ்சின் வெண்ணெய் மாதிரி ஓடியது. பொனட்டைத் திறந்து காட்டினார். ஒயில் ஊற்றுகிற மூடியைச் சுற்றி முரட்டுத் தும்புக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது.

"இதென்ன அண்ணை? கஸ்கெட் மாத்தினியளோ?"

"மாத்தேல்ல. கஸ்கெட்டுக்கு ஒண்டுமில்லை. ஒயிலை மட்டும் ரெண்டுதரம் விட்டுக் கழுவினனான்." குரலைத் தாழ்த்தினார். "உள்ளுக்க கிடந்தது உங்கட கிணத்துத் தண்ணி, கிளாக்கர்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பழைய காரில் கையை வைத்தவுடன் ரேடியேற்றர் மூடி. இந்தக் காரில் அது ஒரு பிளாஸ்டிக் தட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கையில் முதலில் தட்டுப்படுவது ஒயில் மூடி. மாமா தண்ணீரை அதற்குள் விட்டிருக்கிறார். பார்த்து அல்ல, தடவி. கண் மங்கிப்போனது ஒரே வீட்டில் இருந்தும் எங்களுக்குத் தெரியவில்லை.

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணை. நீங்கள் எல்லே சரி!"

"அத்தினை சனத்துக்கு முன்னால, முப்பது வருசம் எஞ்சின் பார்த்த மனிசனிட்ட, நீங்கள்தான் தண்ணி ஊத்தினியள் எண்டு சொல்லுறதோ? பிறகு அந்தாள் பொனட்டைத் தொடாது. எனக்குப் பேர்தானே போச்சுது. கயிறு கட்டியிருக்கு, கைபட்டா இது வேற மூடி எண்டு தெரியும். கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. கதை உங்களோட நிக்கட்டும்."

நான் அவருடைய ஒயில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒவ்வொன்றாக வெட்டினார்கள். ஆறின பிறகு, ஒருநாள் விடிய பொனட் திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மாமா கயிறு கட்டிய மூடியைப் பார்த்தபடி நிற்கிறார். அதில் அச்சடித்திருக்கிற ஒயில் படத்தை விரலால் தடவுகிறார். பிறகு குனிந்து, தட்டுக்குக் கீழே இருந்த ரேடியேற்றர் மூடியைக் கண்டுபிடித்தார். பொனட்டை மெல்ல மூடிவிட்டு, சேட் ஒன்றை மாட்டிக்கொண்டு சந்திக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

நானா கடையில் காலைச் சனம். மாமா நடுவில் போய் நின்றார். படகில் எஞ்சின் இரைச்சலுக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல்.

"எல்லாரும் கேளுங்கோ. எங்கட காரில கஸ்கெட் போகேல்ல. கண் தெரியாமல் நான்தான் ஒயில் வாய்க்க தண்ணி ஊத்தினனான். எதிர்க் கராஜில நிக்கிற இந்தத் தம்பிக்கு அது தெரியும். எனக்காகத் தன்ர வாயால பிழை எண்டு சொல்லிப்போட்டு, குடிக்காததைக் குடிச்சது. பால் ஒயில் விசயத்தில அவன் ஒரு நாளும் பிழை விடேல்ல. விடவும் மாட்டான்."

எதிரே கொட்டகையில் ஒரு வான் வண்டிக்குக் கீழே அண்ணையின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை அசையவில்லை. "அண்ணை, வெளியில வாங்கோ!" என்று நான் கத்தினேன். "நட் ஒண்டு இறுகிப்போச்சு, வர ஏலாது" என்று பதில் வந்தது. நானா அந்தக் கிளாஸைத் தேடி எடுத்து, கழுவி, பழையபடி மேல் தட்டில் கவிழ்த்து வைத்தார். கொம்பியூட்டர் தம்பி வீடியோவை அன்றே அழித்துவிட்டான். மறுநாள் ஒரு போத்தலில் சந்தேகமான ஒயிலோடு அவனே கொட்டகைக்கு வந்து நின்றதைக் கண்டவர்கள் உண்டு.

மாமா வாங்கில் உட்கார்ந்து, "நானா, ரெண்டு பிளேன்டீ" என்றார். வாழ்நாள் முழுக்கப் பால் தேத்தண்ணி குடித்த மனிதர்.

இப்போதும் விடியப் பொனட் சத்தத்தில்தான் எழும்புகிறோம். கண் நன்றாகத் தெரிந்தும் மாமா அந்தத் தும்புக் கயிற்றை அவிழ்க்க விடுவதில்லை. பிளேன்டீ அண்ணை வீட்டுக்கு வந்தால் மனைவி கேட்காமலே கிணற்றில் அள்ளித் தேத்தண்ணி போடுவாள். ஒரு மிடறு குடித்து, நாக்கைச் சப்பி, "ஓம், அதேதான்" என்று சிரிப்பார். எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்து எவ்வளவோ காலம். எல்லாரும் கிணற்றை மூடிவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்காக நான் மூடவில்லை.